பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: பாக்கெட் உணவில் ஒளிந்திருக்கும் குளூட்டனையும் மற்ற ஒவ்வாமைப் பொருட்களையும் கண்டுபிடிக்கும் வழி

என் மகளுக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமை, பார்லி போன்றவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஆகாத நோய், இருப்பது அவளுடைய ஏழாவது வயதில் தெரிந்தது. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டைவிட்டு வெளியேற்றினோம். இனி இட்லி, தோசை, சாதம், குழம்பு, ரசம்தான். நம் சாப்பாட்டில் கோதுமைக்கு என்ன வேலை என்று தைரியமாக இருந்தோம். ஆறு மாதம் போன பிறகும் அவளுக்கு வயிற்று உப்புசம் நிற்கவில்லை, எடை ஏறவில்லை, ரத்தப் பரிசோதனையில் நோயைக் காட்டும் எண் இறங்கவில்லை. "அடுத்த தடவை வரும்போது சமையலறையில இருக்கற டப்பா, பாக்கெட் எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்கம்மா" என்றார் டாக்டர். மேஜையில் பரப்பியதும் அவர் முதலில் கையில் எடுத்தது பெருங்காய டப்பாவை. பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருந்தது: கோதுமை மாவு, கோந்து, பெருங்காயம். அதே வரிசையில்.

அந்த ஆறு மாதமும் ரசத்துக்கும் சாம்பாருக்கும் மோருக்கும் நானே என் கையால் அதைப் போட்டிருக்கிறேன். புதிதாக இந்த வழிக்கு வரும் வேறு எந்த அம்மாவும் அப்பாவும் அந்த ஆறு மாதத்தை இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்து சேரும். "இந்த எண்கள் இருந்தால் தொடாதீர்கள்" என்று, பாக்கெட் உணவில் சேர்க்கும் பொருட்களுக்கான குறியீட்டு எண்கள் முந்நூறு இருக்கும். நானும் அதை அச்செடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தவள்தான். இத்தனை வருடம் பாக்கெட் படித்ததில் நான் கண்டது வேறு. எண்களில் பெரும்பாலானவை குளூட்டன் விஷயத்தில் அப்பாவிகள். குளூட்டன் ஒளிந்திருப்பது நமக்கு நன்றாகப் பழகிய சொற்களில்: பெருங்காயம், மால்ட், மசாலா, சாஸ், மாவு. அதனால் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு பொருளையும் பார்த்து "இது எதிலிருந்து வந்தது?" என்று கேட்கப் பழகுங்கள்.

தொடங்கும் முன்: உங்களுக்கு இருப்பது எது?

சீலியாக் நோயும் கோதுமை அலர்ஜியும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டால் படிக்கும் முறையே மாறிப்போகும். சீலியாக்கில் கோதுமை, பார்லி, ரை (கோதுமை போன்ற ஒரு தானியம்) ஆகிய மூன்றின் குளூட்டனும் ஆகாது. உடலின் எதிர்ப்பு சக்தி தன் சிறுகுடலையே தாக்குகிறது. சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாமல்கூடப் போகும், உள்ளே சேதம் நடந்துகொண்டே இருக்கும். கோதுமை அலர்ஜியில் எதிரி கோதுமை. அது சில நிமிடங்களிலேயே உதடு வீக்கம், தடிப்பு, மூச்சுத் திணறல் என்று உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மூச்சு இழுத்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். டாக்டர் அட்ரினலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தால் அது எப்போதும் கையிலேயே இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்ததும் பலர் தாங்களாகவே கோதுமையை நிறுத்திப் பார்க்கிறார்கள். தயவுசெய்து பரிசோதனை முடியும்வரை நிறுத்தாதீர்கள். கோதுமையை நிறுத்தியபின் எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோப்பியும் நோயே இல்லாததுபோல் காட்டிவிடும்.

தமிழ்நாட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. இந்த நோய் கோதுமை அதிகம் சாப்பிடும் வட இந்தியாவில் கூடுதல், தெற்கே குறைவு. அதனால் இங்கே கடைக்காரருக்கும் ஓட்டல் மாஸ்டருக்கும் சொந்தக்காரர்களுக்கும் 'குளூட்டன்' என்ற சொல்லே புதிது. எங்கள் தெரு மளிகைக் கடையில் "அண்ணாச்சி, மைதா கலக்காத பெருங்காயம் இருக்கா?" என்று கேட்டபோது, "பெருங்காயத்துல எப்படிக்கா மைதா வரும்?" என்று அவர் கேட்டது கேலியாக இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரியாது. அதற்கு முந்தைய மாதம்வரை எனக்கும் தெரியாது.

எதிரியைக் கையால் தொட்டுப் பாருங்கள்

பாக்கெட் படிக்கும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். சீலியாக் இருப்பவர் சமையலறையில் இல்லாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கைப்பிடி மைதாவைப் பரோட்டா மாவு பதத்துக்குப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து மெதுவாகப் பிசையுங்கள். தண்ணீர் பால்போல் வெளுக்கும். அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு மறுபடியும் பிசையுங்கள். ஐந்தாறு தடவைக்குப் பிறகு தண்ணீர் தெளிந்துவிடும். உள்ளங்கையில் மிஞ்சுவது சாம்பல் கலந்த மஞ்சள் நிறத்தில், இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் ஒரு ரப்பர் உருண்டை. அதுதான் குளூட்டன். பரோட்டா இழுபடுவதும் பன் உப்புவதும் இதனால்தான்.

கொட்டிய வெள்ளைத் தண்ணீரில் போனது ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து. இந்தப் பிரிவு மனதில் நன்றாகப் பதிய வேண்டும். ஒவ்வாமை வருவது புரதத்தால். மாவுச்சத்து, சர்க்கரை, எண்ணெய் என்று எவ்வளவு சுத்திகரிக்கிறார்களோ அவ்வளவுக்குப் புரதம் விலகிப்போகிறது. ஆனாலும் சமையலறையில் அலசிப் பிழிந்து எடுப்பதெல்லாம் சுத்திகரிப்பு ஆகாது. திருநெல்வேலி அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால்தான் எடுக்கிறார்கள். அந்தப் பாலோடு குளூட்டனும் வரும், அல்வாவைத் தொடக் கூடாது.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இல்லாவிட்டால்தான் அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று விற்கலாம். சர்வதேச உணவுத் தரமும் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் இதில் ஒன்றே. ஒரு கிராம் மைதாவில் ஏறத்தாழ 70 முதல் 80 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் மைதா மூன்றரை, நான்கு கிலோ உணவை அந்த எல்லைக்குக் கொண்டுபோய்விடும். "ஒரு சிட்டிகைதானே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் குளூட்டன் அழியாது.

பாக்கெட்டை எந்த வரிசையில் படிப்பது

முன்பக்கத்தை விட்டுவிடுங்கள். "ராகி", "மல்டிகிரெய்ன்", "சிறுதானியம்" என்று முன்னால் பெரிதாக எழுதியிருக்கும். பின்னால் முதல் பொருளே கோதுமை மாவாக இருக்கும். ராகி பிஸ்கட்டிலும் கம்பு நூடுல்ஸிலும் ராகி சேமியாவிலும் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சிறுதானியத்தில் குளூட்டன் இல்லை என்பது உண்மை. ஆனால் அது மட்டும் இருந்தால் மாவு ஒட்டாது, சேமியா உடையும். அதனால்தான் மைதா சேர்க்கிறார்கள்.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது அலர்ஜி அறிவிப்பு. 2020இல் வந்த லேபிள் ஒழுங்குமுறைப்படி இந்தியாவில் எட்டு வகைகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்ஃபைட் (உணவு கெடாமலும் நிறம் மாறாமலும் இருக்கச் சேர்ப்பது). 'கன்டெய்ன்ஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் வருபவை உள்ளே சேர்த்தவை. 'மே கன்டெய்ன்' என்றால் அதே ஆலையிலோ இயந்திரத்திலோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடியவை. இந்த இரண்டாவது வரி இல்லாததால் ஒட்டியிருக்காது என்று முடிவுகட்டாதீர்கள். சொல்லாமல் விட்டவர்களும் உண்டு.

அடுத்து உட்பொருள் பட்டியல். எடை அதிகமானது முதலில், குறைந்தது கடைசியில் என்பது விதி. என் பெருங்காய டப்பாவில் கோதுமை மாவு முதலில் இருந்ததன் பொருள் இப்போது புரியும். நான் பெருங்காயம் என்று வாங்கியதில் மற்ற எதையும்விட மாவுதான் அதிகம்.

பட்டியல் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது சட்டம், தமிழ் கட்டாயமில்லை. வீட்டில் பெரியவர்கள் சமைப்பதாக இருந்தால், நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்து டப்பா மூடியில் தமிழில் 'பாப்பாவுக்கு ஆகும்', 'பாப்பாவுக்கு ஆகாது' என்று ஒட்டிவையுங்கள். எங்கள் அத்தைக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தச் சீட்டு ஒட்டிய நாளிலிருந்து சமையல் பழையபடி அவர் கைக்குப் போய்விட்டது.

பச்சைப் புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் முட்டை அசைவக் கணக்கு. ஆகவே பச்சைப் புள்ளி உள்ள பொருளில் முட்டையோ மீனோ இறாலோ சேர்த்திருக்க மாட்டார்கள். முட்டை அலர்ஜி உள்ள வீட்டுக்கு இது பெரிய உதவி. ஆலையில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தை மட்டும் அது சொல்லாது. பால் சைவக் கணக்கில் வருவதால், பால் அலர்ஜிக்காரர்களுக்குப் பச்சைப் புள்ளியால் பயனே இல்லை.

ஒரு பாக்கெட்டைச் சேர்ந்து படிப்போம்

மசாலா சிப்ஸ் பாக்கெட் ஒன்றின் பின்பக்கம் பொதுவாக இப்படி இருக்கும்: உருளைக்கிழங்கு, பாமாயில், மசாலாக் கலவை. அந்தக் கலவைக்குள் உப்பு, சர்க்கரை, வெங்காயத்தூள், மிளகாய்த்தூள், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், பால் பவுடர், ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன், 330, 296, 627, 631, 551.

எண்ணைப் பார்த்ததும் பயம் வருகிறது, இல்லையா? ஒவ்வொன்றாகக் கேட்போம். 330 சிட்ரிக் அமிலம். சர்க்கரைப் பாகில் ஒரு வகைப் பூஞ்சையை வளர்த்து எடுப்பது. 296 மாலிக் அமிலம், ஆப்பிளில் இருக்கும் புளிப்பு. 'மால்' என்று தொடங்கினாலும் மால்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 627, 631 சுவை கூட்டிகள். 631ஐ இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்தும்கூட எடுக்கலாம், பச்சைப் புள்ளி இருந்தால் அந்தக் கவலை இல்லை. 551 மணலில் இருக்கும் சிலிக்கா, தூள் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பது. ஐந்து எண்களில் ஒன்றில்கூடக் குளூட்டன் கிடையாது.

இனிச் சொற்களுக்கு வருவோம். மால்ட்டோடெக்ஸ்ட்ரின் ஸ்டார்ச்சிலிருந்து வருவது, இந்தியாவில் பெரும்பாலும் மக்காச்சோளம், மரவள்ளி. பால் பவுடர் குளூட்டன்காரர்களுக்குப் பரவாயில்லை, பால் அலர்ஜிக் குழந்தைக்கு விஷம். உருளைக்கிழங்குக்கும் பாலுக்கும் என்ன தொடர்பு என்று யாருக்கும் தோன்றாது. அதனாலேயே ஏமாறுகிறோம். அடுத்தது ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன். என் கை நிற்பது இங்கேதான். ஏதோ ஒரு தானியத்தின் அல்லது பருப்பின் புரதத்தை உடைத்துச் செய்த சுவைப்பொடி அது. சோயாவாக இருக்கலாம், மக்காச்சோளமாக இருக்கலாம், கோதுமையாகவும் இருக்கலாம். அதே பாக்கெட்டில் 'கன்டெய்ன்ஸ்' வரியில் கோதுமை இருந்தால் பாக்கெட்டை வைத்துவிடுங்கள். எந்தப் புரதம் என்றே சொல்லாவிட்டாலும் வைத்துவிடுங்கள். சூப் பொடி, நூடுல்ஸ் மசாலா, கார நொறுக்குகள் எல்லாவற்றிலும் இந்தப் பெயரைத் தேடுங்கள்.

எண்களில் எவற்றைக் கவனிக்க வேண்டும்

1400 முதல் 1451 வரை உள்ள எண்கள்தான் குளூட்டன்காரர்கள் நின்று பார்க்க வேண்டியவை. 1404, 1414, 1422, 1442, 1450 எல்லாம் மாற்றியமைத்த ஸ்டார்ச். சாஸ், சூப், தயிர் வகை இனிப்புகள், ஐஸ்கிரீம் ஆகியவற்றைக் கெட்டியாக்கச் சேர்ப்பார்கள். எண் செய்முறையைத்தான் சொல்கிறது, மூலப்பொருளைச் சொல்வதில்லை. அதே 1422 மக்காச்சோளத்திலிருந்தும் வரலாம், கோதுமையிலிருந்தும் வரலாம். நம் ஊரில் மக்காச்சோள ஸ்டார்ச்சுக்கும் மரவள்ளி ஸ்டார்ச்சுக்கும் பஞ்சமில்லை. சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஆகவே இந்தியப் பாக்கெட்டில் கோதுமை ஸ்டார்ச் வருவது அரிது, ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. அலர்ஜி அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

150 என்பது கேரமல் நிறம். குளுக்கோஸ் சிரப்பைக் காய்ச்சிக் கருக்கியது. ஐரோப்பாவில் குளுக்கோஸ் சிரப்பைக் கோதுமையிலிருந்தும் எடுக்கிறார்கள். ஆனால் சுத்திகரிப்பில் புரதம் ஏறத்தாழ முழுவதும் போய்விடுவதால், அங்கே கோதுமை குளுக்கோஸ் சிரப்பையும் கோதுமை மால்ட்டோடெக்ஸ்ட்ரினையும் அலர்ஜி அறிவிப்பிலிருந்தே விலக்கிவிட்டார்கள். எனவே இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தேவையில்லாமல் பயப்படும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். 621 என்ற மோனோசோடியம் குளூட்டமேட்டைப் பெயரைப் பார்த்துக் குளூட்டன் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அதில் குளூட்டன் கிடையாது. 412 நம் கொத்தவரை இனத்தின் விதையில் எடுக்கும் பசை. 415 சாந்தன் பசை, குளூட்டன் இல்லாத ரொட்டியில் குளூட்டனின் வேலையைச் செய்வதே அதுதான். 414 வேல மர இனத்தின் கோந்து. 471 கொழுப்பு சார்ந்தது. 965 மால்டிட்டால், 636 மால்ட்டால் ஆகியவை பெயரில் மட்டும் மால்ட் போல ஒலிப்பவை. ஒட்டும் அரிசியை ஆங்கிலத்தில் 'குளூட்டினஸ் ரைஸ்' என்பார்கள். அதைப் பார்த்துச் செட்டிநாட்டுக் கவுனி அரிசியை ஒதுக்கிய ஒரு வீட்டை எனக்குத் தெரியும். கவுனி அரிசி தாராளமாகச் சாப்பிடலாம்.

மால்ட் என்ற ஒரே சொல்

மால்ட், மால்ட் எக்ஸ்ட்ராக்ட், மால்ட் ஃபிளேவர், மால்ட் வினிகர். இவை வேறு, மேலே சொன்ன மால்ட்டோடெக்ஸ்ட்ரின் வேறு. மால்ட் என்றால் முளைகட்டி உலர்த்திய தானியம், வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் பார்லி. காய்ச்சல்காரரைப் பார்க்கப் போகும்போது நாம் வாங்கிப்போகும் ஹார்லிக்ஸ் போன்ற சத்துப் பானங்கள் பார்லி மால்ட்டும் கோதுமையும் சேர்ந்தவை. கார்ன்ஃபிளேக்ஸ் மக்காச்சோளம்தானே என்று வாங்கினால், சுவைக்காகப் பார்லி மால்ட் சேர்த்திருப்பார்கள். சாக்லேட்டிலும் மால்ட் வரும். அதே சமயம் கடையில் 'ராகி மால்ட்' என்று விற்பது முளைகட்டிய ராகி மாவாக மட்டும் இருக்கலாம், கோதுமையும் பார்லியும் கலந்த சத்துமாவாகவும் இருக்கலாம். அதன் பட்டியலைத் தனியாகப் படியுங்கள்.

சோயா சாஸையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயர் சோயாவாக இருந்தாலும் வழக்கமான செய்முறையில் கோதுமையும் சேர்த்தே புளிக்கவைக்கிறார்கள். கோபி மஞ்சூரியன், ஃபிரைட் ரைஸ் இரண்டும் அதனால்தான் எங்கள் வீட்டில் இல்லை.

பெருங்காயம்

நம் சமையலுக்கு எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். பெருங்காயம் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்தில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். அப்படியே போட்டால் காரமும் நெடியும் தாங்காது, ஒரு கடுகளவு ஒரு பானைக்குப் போதும். அதனால் மாவும் கோந்தும் சேர்த்து நீர்க்கச் செய்து விற்கிறார்கள். சட்டப்படியே 'கூட்டுப் பெருங்காயம்' என்று இதற்குப் பெயர் உண்டு, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. சேர்க்கும் மாவு அரிசியாக இருந்தால் நமக்குச் சரி, கோதுமையாக இருந்தால் ஆகாது. கட்டிப் பெருங்காயம் என்றால் சுத்தமானது என்று பலர் நம்புகிறார்கள். அதிலும் கோதுமை மாவு இருப்பதுண்டு. அரிசி மாவு சேர்த்தது என்று பட்டியலில் தெளிவாகப் போட்டிருப்பதையோ, குளூட்டன் இல்லை என்று முத்திரை உள்ளதையோ வாங்குங்கள். மாவே கலக்காத பால் பெருங்காயம் கிடைத்தால் இன்னும் நல்லது, சில்லறையாகப் பிரித்துத் தருவதை மட்டும் வாங்காதீர்கள்.

உங்கள் வீட்டு டப்பாவை மாற்றினால் போதாது. கடைச் சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய், அப்பளம், முறுக்கு, மோர் மிளகாய் எல்லாவற்றிலும் பெருங்காயம் உண்டு. அவற்றின் பட்டியலில் 'பெருங்காயம்' என்று ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்கும், அதற்குள் எந்த மாவு என்று பல நேரம் தெரியாது. நான் இப்போது பொடி வகை எல்லாவற்றையும் வீட்டிலேயே அரைக்கிறேன். முடியாதவர்கள் அலர்ஜி அறிவிப்பில் கோதுமை இல்லாததை எடுங்கள், சந்தேகம் இருந்தால் கம்பெனியைக் கேளுங்கள்.

பால், சோயா, சல்ஃபைட், எள், கடுகு

பால் அலர்ஜி இருப்பவர்கள் தேட வேண்டிய சொற்கள் கேசின், கேசினேட், 'வே' (whey, பால் திரிந்ததும் பிரியும் தண்ணீர்). பால் சேர்க்காத காபி கிரீமர் என்று விற்பதில்கூடச் சோடியம் கேசினேட் என்ற பால் புரதம் இருக்கும். 'லாக்டோஸ் ஃப்ரீ' என்றால் பால் சர்க்கரை இல்லை, அவ்வளவுதான். பால் புரதம் அப்படியே இருக்கும். மறுபக்கம், 270 லாக்டிக் அமிலம், 327 கால்சியம் லாக்டேட் இரண்டும் பெயரைக் கேட்டால் பால் போலத் தோன்றினாலும் பொதுவாகச் சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுப்பவை. 966 லாக்டிட்டால் மட்டும் பால் சர்க்கரையிலிருந்து செய்வது.

322 லெசித்தின். சாக்லேட், பிஸ்கட் எல்லாவற்றிலும் இருக்கும். பெரும்பாலும் சோயா, சில சமயம் சூரியகாந்தி, அபூர்வமாக முட்டை. 1105 முட்டை வெள்ளையிலிருந்து எடுக்கும் நொதி, சில சீஸ் வகைகளில் வரும்.

220 முதல் 228 வரை சல்ஃபைட் குடும்பம். இவை ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பை வரவழைக்கும். பழுப்பேறாமல் வெளிர் நிறத்தில் பளபளக்கும் உலர் திராட்சை, ஆரஞ்சு நிறம் மாறாத உலர் ஆப்ரிகாட், பழ ஸ்குவாஷ், ஒயின், 223 போட்ட பிஸ்கட் ஆகியவற்றில் பாருங்கள்.

எள்ளும் கடுகும் நம் நாட்டுக் கட்டாயப் பட்டியலில் இல்லை. நல்லெண்ணெயும் தாளிப்பும் இல்லாத பண்டம் தேடி எடுக்க வேண்டிய ஊரில் இது பெரிய குறை என்பது என் கருத்து. எள் அலர்ஜி உள்ளவர்கள் அலர்ஜி வரியை நம்ப முடியாது, முழுப் பட்டியலையும் படிக்க வேண்டும். 'ஸ்பைசஸ் அண்ட் காண்டிமென்ட்ஸ்' என்று மொத்தமாகப் போட்டிருந்தால் அதற்குள் எள்ளோ கடுகோ இருக்கலாம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மாவு மில்

பாக்கெட் எல்லாம் படித்துவிட்டு மில்லில் தோற்றுப்போனவர்கள் உண்டு. ராகியையும் பச்சரிசியையும் கழுவிக் காயவைத்து மில்லுக்குக் கொண்டுபோகிறோம். நமக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். மாவு விழும் துணிக்குழாயைத் தட்டினாலே வெள்ளைப் புகையாகக் கோதுமை மாவு பறக்கும். அரிசிக்கென்று தனி இயந்திரம் இருக்கும் மில்லைத் தேடுங்கள், அதில் வேறு எதையும் அரைப்பதில்லை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மிளகாய், மல்லி அரைக்கும் இயந்திரத்துக்கும் இதே கேள்விதான். நான் கடைசியில் ஒரு சின்ன வீட்டு மாவு இயந்திரம் வாங்கினேன். பணம் சேரும்வரை மிக்ஸியில் அரைத்துச் சலித்தேன்.

கம்பெனிக்குப் போன் செய்வது

பாக்கெட்டில் வாடிக்கையாளர் சேவை எண் இருக்கும். "இதுல குளூட்டன் இருக்கா?" என்று கேட்டால், "இது நூறு சதவீதம் வெஜ்தான் மேடம்" என்று பதில் வரும். எனக்கு வந்திருக்கிறது. அதனால் பொதுவாகக் கேட்காமல் குறிப்பாகக் கேளுங்கள்: "சார், உங்க சாஸ்ல இருக்கற 1422 ஸ்டார்ச் மக்காச்சோளமா, மரவள்ளியா, கோதுமையா?" "இந்தப் பொடியில போடுற பெருங்காயத்துல அரிசி மாவா, கோதுமை மாவா?" "இதே லைன்ல கோதுமைப் பொருள் எதுவும் பேக் பண்றீங்களா?" தெரியாது என்றால் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைக் கேட்டு மின்னஞ்சலில் பதில் அனுப்பச் சொல்லுங்கள். எழுத்தில் வரும் பதிலுக்குத்தான் மதிப்பு. நல்ல பதில் கிடைத்த பொருளின் பின்பக்கத்தை போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே பாக்கெட்டை வாங்கும்போதும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். செய்முறையை எப்போது மாற்றுவார்கள் என்று நமக்கு யாரும் சொல்லப்போவதில்லை.

வெளிநாட்டிலிருந்து வந்த பாக்கெட்

அமெரிக்காவிலிருந்து மச்சினர் கொண்டுவரும் சாக்லேட்டின் 'கன்டெய்ன்ஸ்' வரியில் கோதுமை இல்லையென்றால் குளூட்டன் இல்லை என்று ஆகாது. அங்கே கட்டாயப் பட்டியலில் கோதுமை உண்டு, பார்லியும் ரையும் இல்லை. மால்ட் என்ற சொல்லை நீங்களேதான் தேட வேண்டும். எள் அங்கே 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாகிவிட்டது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் 14 வகைகள் கட்டாயம், எள்ளும் கடுகும் அதில் அடக்கம். அவற்றை உட்பொருள் பட்டியலுக்குள்ளேயே தடித்த எழுத்திலோ வேறு விதத்திலோ தனித்துக் காட்டியிருப்பார்கள். அங்கே வாழும் நம்மவர்களுக்கு இது ஒரு வசதி, ஊரிலிருந்து அப்பளமும் ஊறுகாயும் வரும்போது இந்த வசதி கூடவே வராது.

வெளியே சாப்பிடும்போது

ஓட்டலில் "கோதுமை ஆகாது" என்று மட்டும் சொன்னால், "மைதாதான் சார், கோதுமை இல்ல" என்பார்கள். மைதா, ரவை, சேமியா, கோதுமை, பெருங்காயம் என்று பெயர் பெயராகச் சொல்லுங்கள். தோசை மாவில் மொறுமொறுப்புக்கு ரவையோ மைதாவோ சேர்க்கிறார்களா, தோசை வார்க்கும் கல்லில் பரோட்டா போடுகிறார்களா, வடை பொரிக்கும் எண்ணெயில் பூரி பொரிக்கிறார்களா என்று மாஸ்டரிடமே கேளுங்கள். சர்வருக்குத் தெரியாது. கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனால் பெரும்பாலான மாஸ்டர்கள் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். ஒருவர் கல்லைத் தேய்த்துக் கழுவி, தனிக் கரண்டி எடுத்து எங்களுக்கு முதல் தோசை வார்த்துக் கொடுத்தார்.

கல்யாண வீட்டில் அதற்கும் வழி இருக்காது. இட்லியில் பயம் குறைவு. சாம்பார், ரசம், வத்தக்குழம்பு, கூட்டு எல்லாவற்றிலும் பெருங்காயம் விழுந்திருக்கும். வெறும் சாதம், நெய், கெட்டித் தயிர், வாழைப்பழம் கேட்டு வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடியோடு சாப்பிடச் சொல்லுங்கள். மோர் ஊற்ற வந்தால் மட்டும் இலையை மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் பெருங்காயம் போட்டுத் தாளித்திருப்பார்கள்.